நாகர்கோவிலில் ஜே டில்லாவுக்காக ஒரு டிஜே இரவு: முடங்கிப்போன பணமும் நான் தெரிந்துகொண்டவையும்

நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு இசை நிகழ்ச்சி நடத்தலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், முதல் டிக்கெட்டை விற்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு டிஜே இரவு நடத்தினேன். ஜே டில்லா என்ற அமெரிக்க ஹிப்ஹாப் இசையமைப்பாளரின் நினைவாக நடந்தது. லூபஸ் நோயாளிகளின் மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டுவதுதான் நோக்கம். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. ஆனால் வசூலான பணத்தில் பெரும்பகுதி நோயாளிகளுக்குப் போய்ச் சேர மே மாதக் கடைசி ஆகிவிட்டது. அந்த மாதங்களில் ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஜே டில்லா யார் என்று பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி, 1974 பிப்ரவரி 7 அன்று டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தவர். ஸ்லம் வில்லேஜ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட், காமன், எரிக்கா படு என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் பீட் போட்டுக் கொடுத்திருக்கிறார். எம்பிசி என்கிற டிரம் மெஷினில் விரலால் தட்டிய அடிகளை, மெஷின் தானாகவே தாளக் கட்டத்துக்குள் நேராக்கித் தரும் வசதி உண்டு. பல நேரங்களில் அதை அணைத்துவிட்டுக் கையால் தட்டியபடியே விட்டுவிடுவார். அடி ஒரு நூல் பிந்தியோ முந்தியோ விழும். நம்ம ஊர் வில்லுப்பாட்டில் தேர்ந்த புலவர் வீசுகோலை வில்லின் மேல் ஒரு மூச்சு தாமதித்து இறக்குவாரே, கேட்கிறவர் உடம்பு தன்னாலே முன்னால் சாயுமே, அந்த மாதிரி. அவர் பயன்படுத்திய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருக்கு இரத்தத்தில் டிடிபி என்ற அரிய நோயும், கூடவே லூபஸும் இருந்தன. 2005 கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐரோப்பாவில் மேடை ஏறினார். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆவது பிறந்தநாளன்று ஒரு ஆல்பம் வெளிவந்தது. மூன்றாம் நாள், பிப்ரவரி 10 அன்று, இறந்துபோனார். நோயில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய அம்மா மோரீன் யான்சி. பின்னாளில் அந்த அம்மாவுக்கும் லூபஸ் இருந்தது தெரிய வந்தது. அதனால்தான் உலகில் பல ஊர்களில் பிப்ரவரி மாதம் அவர் பெயரில் டிஜே இரவுகள் நடத்தி லூபஸுக்காகப் பணம் சேர்க்கிறார்கள்.

எனக்கும் லூபஸ் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற நோய். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் இளவயதுப் பெண்கள். மூட்டு வலி, முகத்தில் சிவந்த தடிப்பு, ஓயாத சோர்வு. "வெயில்ல சுத்துனா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களுக்கு நோய் பிடிபடப் பல வருடம் ஆகிவிடுகிறது. பிடிபட்ட பிறகும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும். வெளியே லேபில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை, பஸ் காசு, போகிற நாளின் கூலி எல்லாம் கையிலிருந்துதான் போக வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் நான் பணம் திரட்ட நினைத்தேன். பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அறக்கட்டளை, நோயாளிகளை அடையாளம் கண்டு பணத்தைக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

முதலில் மண்டபம். தை மாதம் கல்யாண சீசன், சனிக்கிழமை மண்டபம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு இடம் கிடைத்தது, பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். பிறகு ஒலிபெருக்கி அனுமதிக்கு மனுவோடு காவல் நிலையம் போனபோது, அந்த மண்டபத்துச் சுவரிலிருந்து நூறு மீட்டருக்குள் ஒரு தனியார் மருத்துவமனை இருப்பதைக் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். கல்யாண வீட்டில் மெதுவாகப் பாட்டுப் போட்டுச் சமாளித்துக்கொள்கிறார்கள், டிஜே நிகழ்ச்சி என்று எழுதிக் கொடுத்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. பார்வதிபுரம் தாண்டி வேறொரு மண்டபம் இருபத்தைந்தாயிரத்துக்குப் பிடித்தேன். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் மண்டபத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் இந்த விஷயத்தில் உதவாது.

காவல் நிலையத்து மனுவுக்கு மண்டபத்தின் சம்மதக் கடிதம், என் ஆதார் நகல், சவுண்ட் சர்வீஸ்காரர் பெயரும் ஃபோன் எண்ணும், தொடங்கும் முடியும் நேரம் எல்லாம் வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. நான் மாலை ஐந்திலிருந்து ஒன்பதரை என்று எழுதிக் கொடுத்தேன். டிஜே இரவு என்றால் நள்ளிரவு வரை போகும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. நேரத்தைப் போஸ்டரிலேயே பெரிதாகப் போட்டுவிடுவது நல்லது. மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை ரோந்து வந்தவர்களிடம் அதைத்தான் காட்டினேன்.

பாட்டுக்கான உரிமம் என்று ஒன்று இருப்பது மண்டப மேலாளர் கேட்கும்வரை என் காதில் விழுந்ததில்லை. கல்யாணச் சடங்குக்கும் ஊர்வலத்துக்கும் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு, அது தர்ம காரியமே ஆனாலும், அந்த விலக்கு கிடையாது. அதிலும் உரிமை இரண்டு வகை. பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு. பதிவான ஒலிக்கு பிபிஎல் என்ற அமைப்பு, அல்லது பாட்டை வெளியிட்ட இசை நிறுவனத்தின், அதாவது லேபிளின், உரிமையை வைத்திருக்கும் வேறு அமைப்பு. டிஜேயிடம் பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, எந்த லேபிள் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக் கட்ட வேண்டியிருந்தது. எனக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் ஆனது. இந்தச் செலவைத் திட்டம் போடும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். போஸ்டரில் ஜே டில்லாவின் புகைப்படத்தைப் போடவில்லை. எம்பிசி மேல் இரண்டு கைகள் இருப்பது மாதிரி ஒரு தோழி வரைந்து கொடுத்தாள். அது புகைப்படத்தைவிட அழகாகவே இருந்தது.

சவுண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஊரில் இதற்கு வழிகாட்டி கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த டிஜே இசைத்தட்டு போட்டு வாசிப்பவர், சொந்த டர்ன்டேபிள் இரண்டும் கொண்டு வந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக் கல்யாணங்களில் வாசிக்கிற ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். இருவருமே சம்பளம் வாங்கவில்லை, பயணமும் சாப்பாடும்தான். மண்டபத்து மேடை மரப்பலகை போட்டது, அடியில் வெற்றிடம். மதியம் சோதித்துப் பார்த்தபோது பேஸ் ஏறியதும் மேடை அதிர்ந்து, அந்த அதிர்வை டர்ன்டேபிளின் ஊசி எடுத்து, ஸ்பீக்கரில் ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பழகியவர், டர்ன்டேபிளைப் பார்ப்பதே அவருக்கு முதல் தடவை. ஆனாலும் தளரவில்லை. பின்பக்கம் கிடந்த கனமான சிமெண்ட் ஸ்லாப் இரண்டைத் தூக்கி வரச் செய்து, அடியில் மெத்தைப் பஞ்சு வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை உட்கார வைத்தார். பேஸ் பெட்டிகளை மேடையிலிருந்து இறக்கித் தரையில் தள்ளி வைத்தார். ஊளை நின்றுவிட்டது. அப்புறம் ஒரு உறுமல் மிச்சம் இருந்தது. டர்ன்டேபிளின் எர்த் வயரை மிக்ஸரில் இறுக்கியதும் அதுவும் போனது. எனவே சவுண்டுக்கு மாலை நாலு மணிக்கு வரச் சொல்லாதீர்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், அதற்கு அரை நாள் கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். ஜெனரேட்டர், லைட் எல்லாம் சேர்த்து எனக்கு இருபத்தெட்டாயிரம் ஆனது.

அன்று மாலை இருநூறு பேர் போல வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் சில குடும்பங்கள், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் என்னோடு மருந்துக்குக் காத்திருந்து பழக்கமான சில பெண்கள். முதல் அரை மணி நேரம் யாரும் ஆடவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சவுண்ட் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "எம்மா, தாளம் கொஞ்சம் தப்பித் தப்பி விழுதே, மெஷின் கோளாறா? கேட்டுப் பாத்தியளா?" என்றார். வேண்டுமென்றே அப்படி அடித்ததுதான் அண்ணே என்றேன். சரி என்று போனவர், கொஞ்ச நேரத்தில் மிக்ஸர் மேல் விரலால் அதே தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குப் பிறகு மண்டபம் முழுக்க ஆடியது. இடையில் பத்து நிமிடம் இசையை நிறுத்தி, லூபஸ் என்றால் என்ன, எந்த அறிகுறிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பேசினேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே போகும்போது ஒரு அம்மா தன் மகளின் முகத்துத் தடிப்பைக் காட்டிக் கேட்டார். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் விட்டுவிடாதீர்கள்.

டிக்கெட் முந்நூறு ரூபாய். டிக்கெட்டும் நன்கொடையுமாக மொத்தம் 78,000 சேர்ந்தது. அதில் 17,000 உண்டியல் பணம், மறுநாளே அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டேன். மீதி 61,000 யுபிஐ வழியாக என் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு வந்தது. அறக்கட்டளைக்காரர்கள்தான், சின்னச் சின்னத் தொகையாக வந்தால் கணக்கெழுதச் சிரமம், நீங்கள் சேர்த்து மொத்தமாக அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அனுப்பப் போனேன். பணம் போகவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டால், கணக்கில் டெபிட் ஃப்ரீஸ், அதாவது பணத்தை வெளியே எடுக்க முடியாது, வெளி மாநில சைபர் போலீஸ் உத்தரவு என்றார்கள். உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

நடந்தது இதுதான். எங்கோ ஒருவர் இணைய மோசடியில் பணத்தை இழந்து 1930 எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். புகார் பதிவானதும் அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கிருந்து எங்கே போனதோ, வரிசையாக எல்லா வங்கிக்கும் தகவல் போகும். எங்கள் டிக்கெட் வாங்கிய ஒரு பையன் தன் பழைய ஃபோனை ஆன்லைனில் விற்றிருக்கிறான். வாங்கியவன் கொடுத்தது மோசடிப் பணம். அந்தக் கணக்கிலிருந்து இரண்டு டிக்கெட்டுக்கு 600 ரூபாய் எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் கணக்கும் முடங்கித்தான் கிடந்தது. சந்தேகப் பணம் 600 ரூபாய். முடங்கியது என் கணக்கு முழுவதும், என் சம்பளத்தோடு சேர்த்து. அதே வாரம் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, பத்தொன்பது வயது, சிறுநீரில் புரதம் போகிறது, உடனே பரிசோதனை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அறக்கட்டளையிடம் இருந்த 17,000 ஏற்கெனவே வேறு இருவருக்குப் போயிருந்தது. என் வளையலை அடகு வைத்து இருபதாயிரம் கொடுத்தேன்.

இந்த நிலை யாருக்காவது வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வங்கியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், விசாரிக்கும் அதிகாரியின் மின்னஞ்சல் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு. இது கிடைக்கும்வரை ஒன்றும் நகராது. கிளையில் தெரியவில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் ஆதார், கணக்கு விவரம், போஸ்டர், காவல் நிலைய அனுமதி, மண்டப ரசீது, டிக்கெட் பட்டியல், அறக்கட்டளையின் கடிதம் எல்லாம் இணைத்தேன். அந்த 600 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றதை விடுவிக்க ஆட்சேபம் இல்லை என்று வங்கிக்கு எழுதுமாறு கேட்டேன். சந்தேகத் தொகைக்கு மேல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற கருத்தில் கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவுகள் கொடுத்திருக்கின்றன. ஒரு வழக்கறிஞர் அக்கா சொல்லித் தந்து அதையும் கடிதத்தில் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் பதிலே வந்தது. நகலை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுத்து வைத்தேன். ஃபோனில் யாராவது கூப்பிட்டு, பணம் அனுப்பினால் கணக்கைத் திறந்து தருகிறோம் என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அப்படியும் அழைப்பு வந்தது.

ஆகவே டிக்கெட் பணம் ஒருநாளும் உங்கள் சம்பளக் கணக்குக்கு வர வேண்டாம். அறக்கட்டளை பெயரிலேயே உள்ள கணக்கின் கியூஆர் கோடை மண்டப வாசலில் ஒட்டுங்கள். கணக்கெழுத ஆள் இல்லை என்றால் நீங்களே போய் எழுதிக் கொடுங்கள், அது எவ்வளவோ மேல். அதிலும் முடக்கம் வராது என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் மருந்துச் செலவும் வீட்டுச் செலவும் தப்பிக்கும். நன்கொடை கொடுத்த சிலர் வருமான வரி விலக்குக்கு ரசீது கேட்டார்கள். அது 80ஜி பதிவு உள்ள அமைப்பு தன் கணக்கில் வாங்கிய பணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்த விலக்கு இல்லை. அவர்களுக்கு நான் வருத்தம்தான் சொல்ல முடிந்தது.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு வார்த்தை, நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார்கள் என்பதால். வளைகுடாவில் வேலை பார்க்கும், இந்தியக் குடியுரிமை உள்ள ஒருவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம்ம ஊரிலேயே பிறந்தவரானாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படியான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. லண்டனில் நர்ஸாக இருந்து அங்கே குடியுரிமையும் வாங்கிவிட்ட இரணியல்காரத் தோழி ஒருத்தி அனுப்பத் தயாராக இருந்தாள். நல்லவேளையாக அறக்கட்டளையின் ஆடிட்டர் முன்கூட்டியே தடுத்துவிட்டார். அவள் அங்கேயே உள்ள ஒரு லூபஸ் அமைப்புக்குக் கொடுத்தாள்.

என்னைப் போல நோயோடு இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று. லூபஸுக்கு வெயில் ஆகாது. மார்ச் மாத வெயிலில் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் வடசேரிக்குமாக அலைந்ததில் மூட்டெல்லாம் வீங்கி, ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டி வந்தது. அலைச்சலுக்கு ஒரு ஆளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தம்பியோ, மைத்துனரோ, நம்பிக்கையான ஒருவருக்கு எழுத்தில் அதிகாரக் கடிதம் கொடுத்து வைத்தால் பாதி இடங்களில் அவர் போதும். நேரில் போக வேண்டிய இடங்களுக்குக் காலை பத்து மணிக்குள் போங்கள், குடையை விடாதீர்கள்.

மொத்தச் செலவு 85,000. நண்பர்கள் 40,000 கொடுத்தார்கள், மீதி 45,000 என் சேமிப்பு. முன்பணம் போன பத்தாயிரமும் இதில் அடக்கம். வசூலில் ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு எடுக்கவில்லை. மே கடைசியில் 600 ரூபாய் தவிர மற்றது விடுபட்டு, 60,400 அறக்கட்டளைக்குப் போனது. அடகு வைத்த இருபதாயிரத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். இரத்தப் பரிசோதனைகளுக்கும், ஹைட்ராக்சி குளோரோகுயின் என்ற லூபஸ் மருந்து சாப்பிடுகிற பெண்களுக்கு வருடாந்தரக் கண் பரிசோதனைக்கும் அந்தப் பணம் போயிருக்கிறது. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகச் சிகிச்சை தொடங்கிவிட்டது, புரதம் குறைந்து வருகிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு அறக்கட்டளை தன் பெயரிலேயே தனிக் கணக்குத் தொடங்கியிருக்கிறது. சவுண்ட் அண்ணன் சிமெண்ட் ஸ்லாப் இரண்டையும் தன் குடோனில் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.